அஞ்சு நாள் எஃப்டிபி முடிஞ்சு ஆறாவது நாள் என்ன ஆகுது

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணி. எஃப்டிபி (ஃபேகல்டி டெவலப்மென்ட் ப்ரோக்ராம்), அதாவது காலேஜ் டீச்சர்களுக்கான ட்ரெய்னிங், முடியுற நேரம். செமினார் ஹால்ல எல்லாரும் வரிசையா நின்னு சர்டிபிகேட் வாங்கி, க்ரூப் போட்டோ எடுத்து, டீயும் சமோசாவும் முடிச்சுட்டு காலேஜ் பஸ்ஸ பிடிக்க கிளம்புவாங்க. அந்த அஞ்சு நாள்ல கூகுள் க்ளாஸ்ரூம், மூடில், க்விஸ் வைக்க ஒரு ஆப், வீடியோ எடிட் பண்ண ஒரு சாஃப்ட்வேர், இப்ப புதுசா ரெண்டு மூணு ஏஐ டூல்னு பன்னெண்டு பதினஞ்சு ஐட்டம் காட்டியிருப்பாங்க. திங்கக்கிழமை முதல் பீரியட், அதே சார், அதே க்ளாஸ்ல, போன வருஷ பிபிடியையே போட்டு இல்லன்னா சாக்பீஸ எடுத்துக்கிட்டு, போன வாரம் விட்ட இடத்துலேருந்து ஆரம்பிப்பார்.

அந்த சார் மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. நானும் இன்ஜினியரிங் காலேஜ்ல பாடம் எடுத்தவன்தான், அப்புறம் மத்த ஃபேகல்டிக்கு க்ளாஸ்ல டெக்னாலஜி யூஸ் பண்ண உதவுற வேலைல அஞ்சாறு வருஷமா இருக்கேன். இந்த வருஷங்கள்ல எனக்கு உறுதியா தெரிஞ்சது ஒன்னுதான்: டீச்சருக்கு இன்னொரு டூல் தேவைப்படல, அந்த ஆறாவது நாள் அவர் க்ளாஸ் வாசல்ல ஒரு ஆள் தேவைப்படுது. அவரோட சிலபஸ், அவரோட பசங்க, அந்த ரூம்ல இருக்குற ஒரே ஒரு ப்ளக் பாயிண்ட், இது மூணையும் தெரிஞ்சுக்கிட்டு கூட நிக்கிற ஆள். ஏன் இப்படி சொல்றேன்னு கொஞ்சம் பின்னாடி போய் பாத்தா புரியும்.

நம்ம நாட்டுல இந்த முயற்சி இன்னைக்கு நேத்து ஆரம்பிச்சதில்ல. 1984 ஆகஸ்ட் 15ல யூஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, தூர்தர்ஷன் வழியா காலேஜ் பசங்களுக்குன்னே 'கன்ட்ரிவைட் க்ளாஸ்ரூம்' ஒளிபரப்ப ஆரம்பிச்சுது. 1986 கல்விக் கொள்கைக்கு அப்புறம் யுனிவர்சிட்டிகள்ல டீச்சர்களுக்கு ட்ரெய்னிங் தர அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ் வந்துச்சு, நம்ம பக்கம் சென்னை, பாரதியார், பாரதிதாசன் பல்கலைக்கழகங்கள்ல. புதுசா சேந்தவங்களுக்கு ஓரியண்டேஷன், சீனியர்களுக்கு ரெஃப்ரெஷர். 2015ல அதுக்கு ஹெச்ஆர்டிசின்னு பேர் வந்து 2023ல மாளவியா மிஷன் டீச்சர் ட்ரெய்னிங் சென்டர்னு மறுபடி மாறிடுச்சு. டெக்னிக்கல் டீச்சர்களுக்குன்னா தரமணில என்ஐடிடிடிஆர்ங்குற ட்ரெய்னிங் நிறுவனம் 1964லேருந்தே இருக்கு. 2003ல ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேந்து வீடியோ பாடங்களுக்கு என்பிடெல் ஆரம்பிச்சாங்க, 2004 செப்டம்பர் 20ல கல்விக்குன்னே எஜுசாட் சாட்டிலைட் போச்சு, 2017 ஜூலை 9ல ஸ்வயம்ங்குற ஆன்லைன் கோர்ஸ் தளம் வந்துச்சு, 2018ல அதே ஸ்வயம்ல டீச்சர்களுக்குன்னே அர்ப்பிட்னு கோர்ஸ்கள், 20 மணி நேரம் வீடியோ 20 மணி நேரம் மத்த மெட்டீரியல், கடைசில எக்ஸாம், பாஸானா ஒரு ரெஃப்ரெஷர் கோர்ஸுக்கு சமம்.

வரிசையா பாத்தா ஒரு விஷயம் தெரியும். டிவி, சாட்டிலைட், இன்டர்நெட், எல்லாமே நல்ல பாடத்த தூரத்துல இருக்குறவங்ககிட்ட கொண்டு சேக்குறதுக்கான ஏற்பாடு. அது சாதாரண சாதனை இல்ல, ஒரு சின்ன ஊர் காலேஜ்ல படிக்கிற பொண்ணு ஐஐடி புரொஃபசரோட க்ளாஸ காசில்லாம பாக்குறான்னா அது பெரிய விஷயம். ஆனா அந்தப் பொண்ணு படிக்கிற காலேஜ்ல அதே சப்ஜெக்ட் எடுக்குற மேடம், அந்த வீடியோவ தன்னோட 50 நிமிஷ பீரியட்ல என்ன பண்றது? முழுசா போட்டுக் காட்டுறதா, வீட்ல பாத்துட்டு வரச் சொல்றதா, பாக்காம வந்தா என்ன பண்றது, அதுலேருந்து இன்டர்னல்ல கேள்வி கேக்கலாமா? இதையெல்லாம் அவங்க யார்கிட்ட போய் கேப்பாங்க?

இதுல கொஞ்சம் வித்தியாசமா யோசிச்சவங்க ஐஐடி பாம்பே. 2009 வாக்குல அவங்க ஆரம்பிச்ச ப்ராஜெக்ட்டுக்கு பேரே பத்தாயிரம் டீச்சர்களுக்கு ட்ரெய்னிங் தர்றோம்ங்குற அர்த்தத்துலதான், சுருக்கமா டி10கேடின்னு சொல்வாங்க, பேராசிரியர் டி.பி.பாட்டக் முன்னால நின்னு நடத்துனாரு. நாடு முழுக்க காலேஜ்கள ரிமோட் சென்டரா வச்சு, ஒவ்வொரு சென்டருக்கும் ஒரு கோஆர்டினேட்டர மொதல்ல தனியா கூப்பிட்டு பழக்கி, அப்புறம் மெயின் ஒர்க்‌ஷாப் லைவா போகும்போது அந்த கோஆர்டினேட்டர் அந்தந்த ஊர்ல கூடவே நின்னு லேபும் டுட்டோரியலும் நடத்துவாரு. லெக்சர் தூரத்துலேருந்து வருது, உதவி பக்கத்துலேருந்து வருது. அப்புறமா அதே ஐஐடில சஹானா மூர்த்தி, ஸ்ரீதர் ஐயர் ரெண்டு பேரோட குழு டீச்சர்களுக்கான ஆன்லைன் கோர்ஸ வேற மாதிரி வடிவமைச்சாங்க, வீடியோ ஓடிட்டே இருக்கும்போது நடுவுல நிறுத்தி 'இப்ப பேனா எடுத்து இத எழுதிப் பாருங்க'ன்னு சொல்லும், எழுதுனதுக்கு அப்புறம்தான் மேல போகும். அதுக்கு ரிஃப்ளெக்‌ஷன் ஸ்பாட்னு பேர் வச்சாங்க. டீச்சர் தானே ஸ்டூடண்டா உக்காந்து அந்த நிறுத்தத்த அனுபவிக்கிறாரு, அதுக்கப்புறம் அவர் வீடியோ எடுத்தா அவர் கையும் தானா அந்த இடத்துல நிறுத்தும். இப்படி செஞ்சு காட்டுற ட்ரெய்னிங்க நான் ரொம்ப மதிக்கிறேன்.

சரி, டெக்னாலஜி போட்டா பசங்க நல்லா படிப்பாங்களா? 1983ல ரிச்சர்ட் க்ளார்க்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர் இதுக்கு பட்டுன்னு ஒரு பதில் சொன்னாரு: மீடியாங்குறது மளிகை சாமான் கொண்டு வர்ற லாரி மாதிரி, சாப்பிட்டு உடம்பு தேறுனா அதுக்கு லாரி காரணம் இல்ல. நாப்பது வருஷம் கழிச்சும் ஸ்மார்ட் போர்டு வாங்குறதுக்கு முன்னாடி எல்லா மேனேஜ்மென்ட்டும் கேக்க வேண்டிய பேச்சு அது. ஆனா மீன் ஏத்துற வண்டில ஐஸ் பெட்டி இல்லன்னா மீன் கெட்டுப் போகும்ல, வண்டியும் கொஞ்சம் முக்கியம்தான். எந்த சரக்குக்கு எந்த வண்டின்னு தெரியணும், அத தெரிஞ்சுக்க சரக்க தெரிஞ்சிருக்கணும், அதாவது சப்ஜெக்ட்ட. 2006ல புன்யா மிஸ்ராவும் மேத்யூ கோலரும் டீபேக்னு ஒரு சட்டகம் எழுதுனாங்க, பிஎட் படிக்கிறவங்க கேள்விப்பட்டிருப்பாங்க, சப்ஜெக்ட் அறிவு, சொல்லித்தர்ற அறிவு, டெக்னாலஜி அறிவு மூணும் தனித்தனியா இருந்தா பத்தாது, மூணும் ஒன்னு சேர்ற இடம்தான் டீச்சரோட இடம்னு. நம்ம எஃப்டிபில நடக்குறது என்னன்னா மெக்கானிக்கல், தமிழ், காமர்ஸ், நர்சிங் எல்லாரையும் ஒரே ஹால்ல உக்கார வச்சு மூணாவத மட்டும் சொல்லித்தர்றோம்.

இப்ப ஒரு க்ளாஸ பக்கத்துல போய் பாப்போம். அதுக்கு முன்னாடி ஹார்வர்டு கதை ஒன்னு. எரிக் மஸூர்னு ஃபிசிக்ஸ் புரொஃபசர், நல்லா க்ளாஸ் எடுப்பாருன்னு பேர், ஃபீட்பேக் எல்லாம் பிரமாதமா வரும். 1990 வாக்குல அரிசோனால டேவிட் ஹெஸ்டனெஸ் குழு தயார் பண்ண ஒரு டெஸ்ட்ட தன் பசங்களுக்கு வச்சாரு, ஃபோர்ஸ் பத்தி ரொம்ப அடிப்படையான கேள்விங்க, கணக்கே கிடையாது. ஒரு ஸ்டூடண்ட் எழுந்து, நீங்க சொல்லித்தந்தபடி எழுதணுமா, இல்ல நான் வழக்கமா யோசிக்கிறபடி எழுதணுமான்னு கேட்டுச்சாம். ரிசல்ட்டும் அப்படித்தான் வந்துச்சு, கஷ்டமான கணக்கு போடுற பசங்க அடிப்படை கேள்வில விழுந்தாங்க. அதுக்கப்புறம்தான் அவர் க்ளாஸ மாத்துனாரு: கொஞ்ச நேரம் பாடம், அப்புறம் ஒரு கேள்வி, எல்லாரும் தனியா யோசிச்சு பதில் சொல்லணும், சுமாரா 30லேருந்து 70 சதவீதம் பேர் சரின்னா பக்கத்து சீட்டு ஆள்கிட்ட வாதாடச் சொல்லணும், திரும்ப ஒரு ஓட்டு. பியர் இன்ஸ்ட்ரக்‌ஷன்னு சொல்றது இதத்தான்.

எங்க ட்ரிபிளிஈ (எலெக்ட்ரிக்கல்) டிபார்ட்மென்ட்ல ஒரு சார் இத செஞ்சு பாக்கணும்னு வந்தாரு. க்ளாஸ்ல போன் தடை, அதனால ஆப் எதுவும் கிடையாது. நாலு கலர் சார்ட் பேப்பர் வாங்கி வெட்டி அறுபது செட் பண்ணோம், பச்சை ஏ, மஞ்சள் பி, நீலம் சி, சிவப்பு டி. கேள்வி இது: ஒரு பேட்டரி, ஒரே மாதிரி ரெண்டு பல்பு சீரிஸ்ல எரியுது, இப்ப ரெண்டாவது பல்புக்கு குறுக்கால வெறும் ஒயர ஒன்ன வச்சு ரெண்டு முனையையும் சேத்துட்டா முதல் பல்பு என்ன ஆகும், மங்குமா, அப்படியே இருக்குமா, இன்னும் பிரகாசமா எரியுமா, அணைஞ்சு போகுமா?

ரெண்டாம் வருஷ பசங்க. கிர்ச்சாஃப் லாவ மனப்பாடமா சொல்வாங்க, 16 மார்க் கணக்க நிமிஷத்துல போடுவாங்க. கார்டு தூக்கச் சொன்னா க்ளாஸ் முழுக்க நாலு கலரும் கலந்து நிக்குது. அந்த சார் அப்படியே பாத்துக்கிட்டு நின்னாரு, பன்னெண்டு வருஷமா எடுக்குற பாடம், இந்தக் காட்சிய அவர் அன்னைக்குத்தான் மொதல் தடவையா பாக்குறாரு, ஏன்னா 'புரிஞ்சுதா'ன்னு கேட்டா எல்லாரும் 'புரிஞ்சுது சார்'னுதான் சொல்லுவாங்க, கார்டு அப்படி சொல்லாது. பக்கத்துல இருக்குறவங்ககிட்ட பேசுங்கன்னு மூணு நிமிஷம் விட்டோம். சத்தம் காரிடார் வரைக்கும் கேட்டுது, பக்கத்து க்ளாஸ் மேடம் எட்டிப் பாத்தாங்க. கடைசி பெஞ்ச்ல ஒரு பையன், அவன் அப்பா ஒயரிங் வேலை பாக்குறவரு, பக்கத்துல இருந்தவன்கிட்ட சொல்றான், 'டேய் கரண்டுக்கு ஈசியான வழி கெடச்சா அது பல்பு வழியா எதுக்குடா போகும், ரெண்டாவது பல்பு செத்துரும், மொத்த வோல்டேஜும் மொத பல்புக்குத்தான்'. அது க்ளாஸ்ல பரவுச்சு. ரெண்டாவது ஓட்டுல பெரும்பாலும் நீலம், அதாவது பிரகாசமா எரியும், சரியான பதில்.

இதுல டெக்னாலஜி எங்கன்னு கேக்கலாம். அந்த கலர் கார்டுதான் டெக்னாலஜி. அறுபது பேரோட மனசுல என்ன ஓடுதுன்னு அஞ்சு செகண்டுல டீச்சருக்கு காட்டுற எதுவும் நல்ல டெக்னாலஜிதான், அது போன்ல ஓடுற போல் ஆப்பா இருந்தாலும் சரி, சார்ட் பேப்பரா இருந்தாலும் சரி. இந்த மாதிரி பசங்கள யோசிக்க வைக்கிற க்ளாஸ்களையும் வெறும் லெக்சர் க்ளாஸ்களையும் 1998ல ரிச்சர்ட் ஹேக்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர் ஒப்பிட்டுப் பாத்தாரு, 62 கோர்ஸ், 6,542 ஸ்டூடண்ட்ஸ், எல்லாம் அடிப்படை மெக்கானிக்ஸ். ஆரம்பத்துல தெரியாம இருந்ததுல எவ்வளவு பங்கு கத்துக்கிட்டாங்கன்னு பாத்தா லெக்சர் க்ளாஸ்ல சராசரி 0.23, மத்ததுல 0.48. ரெண்டு மடங்குக்கு மேல.

இதோட இன்னொரு ஆராய்ச்சியையும் சேத்து சொல்லியாகணும், ஏன்னா மேனேஜ்மென்ட்ல இருக்குறவங்களுக்கு இதுதான் முக்கியம். 2019ல ஹார்வர்டுல லூயி டெலோரியேவும் அவர் கூட இருந்தவங்களும் ஃபிசிக்ஸ் பசங்கள வச்சு பாத்தாங்க, யோசிக்க வைக்கிற க்ளாஸ்ல பசங்க டெஸ்ட்ல அதிகமா எடுத்தாங்க, ஆனா அவங்ககிட்ட கேட்டா நல்ல லெக்சர் கேட்ட க்ளாஸ்லதான் அதிகமா கத்துக்கிட்டோம்னு சொன்னாங்க. மண்டைய போட்டு உடைக்கிறது கஷ்டமா இருக்கும், கஷ்டமா இருந்தா நமக்கு ஒன்னும் வரலைன்னு தோணும், அவ்வளவுதான் காரணம். இப்ப நம்ம ஊர் பிரைவேட் காலேஜ யோசிச்சுப் பாருங்க, செமஸ்டர் முடிவுல ஸ்டூடண்ட் ஃபீட்பேக் எடுத்து அத வச்சு இன்க்ரிமென்ட் போடுறாங்க. ஒரு மேடம் தைரியமா புது முறைய முயற்சி பண்ணா அந்த செமஸ்டர் ஃபீட்பேக் இறங்கும், பசங்க கத்துக்கிட்டிருப்பாங்க, மேடத்துக்கு மெமோ வரும். அடுத்த செமஸ்டர் அவங்க பிபிடிக்கே போயிடுவாங்க. முயற்சி பண்ற முதல் ரெண்டு செமஸ்டருக்கு அந்த ஃபீட்பேக் மார்க்க கணக்குல எடுக்க மாட்டோம்னு ப்ரின்சிபால் ஒரு சர்க்குலர் போட்டாலே பாதி வேலை முடிஞ்சிடும். செலவு ஒரு தாள்.

வீடியோ விஷயத்துக்கு வர்றேன், 2020ல எல்லாரும் பட்ட பாடு அதுலதான். மார்ச்ல காலேஜ் மூடுனப்ப ஒரு மேத்ஸ் மேடம் வீட்டு டேபிள்ல ரெண்டு பக்கம் புக்க அடுக்கி நடுவுல ஸ்கேல் போட்டு, அது மேல போன ரப்பர் பேண்டால கட்டி, கேமரா கீழ பாக்குற மாதிரி வச்சு, அடில நோட்டுல ஸ்கெட்ச் பேனாவால எழுதி எழுதி பாடம் எடுத்தாங்க. நடுவுல குக்கர் விசில் கேக்கும். தனக்கு ஸ்டைலஸ் இல்ல, டேப் இல்லன்னு அவங்க கூச்சப்பட்டுக்கிட்டே இருந்தாங்க. ஆனா பசங்க அதத்தான் விரும்பிப் பாத்தாங்க. ஏன்னு பின்னாடி ஒரு ஆராய்ச்சிய படிக்கும்போது புரிஞ்சுது: 2014ல எடெக்ஸ்ங்குற ஆன்லைன் கோர்ஸ் தளத்துல 69 லட்சம் தடவை வீடியோ பாத்த பதிவுகள வச்சு ஃபிலிப் குவோ, ஜூஹோ கிம், ராப் ரூபின் மூணு பேரும் பாத்தாங்க, ஆறு நிமிஷத்துக்கு மேல ஆள் நிக்கிறது கஷ்டம், கையால எழுதிக்கிட்டே போற வீடியோ வெறும் ஸ்லைடு வீடியோவ விட அதிக நேரம் பிடிச்சு வைக்குது, க்ளாஸ்ரூம் லெக்சர அப்படியே ரெக்கார்ட் பண்ணி துண்டு போட்டது அவ்வளவா எடுபடல. மேடம் தெரியாமலே சரியா செஞ்சிருக்காங்க.

காலேஜ் திறந்ததும் அத நிறுத்திட்டாங்க. யாரும் கேக்கல, அதனால நிறுத்திட்டாங்க. 2022ல நான் போய் பேசுனப்பதான் அந்த ஸ்கேல் கதையே வெளிய வந்துச்சு. பசங்க எங்க மாட்டுறாங்கன்னு கேட்டேன், யோசிக்கவே இல்ல, உடனே சொன்னாங்க, 'இன்வர்ஸ் லாப்லாஸ்ல பார்ஷியல் ஃப்ராக்‌ஷன் சார், டிப்ளமோ முடிச்சு நேரா ரெண்டாம் வருஷம் வர்ற லேட்டரல் என்ட்ரி பசங்க அங்கயே நின்னுடுறாங்க, அவங்களுக்கு அத திரும்ப எடுத்தா மத்தவங்களுக்கு போர் அடிக்குது, எடுக்கலன்னா இவங்களுக்கு அந்த யூனிட்டே போச்சு'. இதுக்குதான் வீடியோ. முழு யூனிட்டுக்கு இல்ல, எல்லாருக்கும் இல்ல, அந்த ஒரு இடத்துக்கு, அந்த இடத்துல நிக்கிறவங்களுக்கு. அஞ்சரை நிமிஷத்துல ஒரு வீடியோ, ஒரே ஒரு கணக்கு, கடைசில 'இத போட்டுட்டு வாங்க'ன்னு இன்னொரு கணக்கு. அடுத்த நாள் க்ளாஸ் ஆரம்பத்துல ஒரு துண்டு தாள்ல அதே மாதிரி ஒரு கணக்கு, அஞ்சு நிமிஷம், மார்க் கிடையாது.

நடைமுறைல நாங்க கத்துக்கிட்ட சின்னச் சின்ன விஷயங்கள சொல்லிடுறேன், இது எந்த எஃப்டிபிலயும் சொல்றதில்ல. பசங்க போன நிமிர்த்திப் பிடிச்சுதான் பாப்பாங்க, அதனால நோட்டையும் நீளவாக்குல வச்சு ஒரு பக்கத்துக்கு அஞ்சாறு வரிக்கு மேல எழுதக்கூடாது. படம் கொஞ்சம் மங்கலா இருந்தா பொறுத்துக்குவாங்க, சத்தம் சரியில்லன்னா உடனே மூடிடுவாங்க, அதனால காசு செலவழிக்கணும்னா மைக்குக்கு செலவழிங்க, போனோட வந்த இயர்போன் மைக்கே போதும். ஸ்க்ரீன்ல எழுதியிருக்குறத அப்படியே வாயால படிக்க வேண்டாம், ரிச்சர்ட் மேயர்னு ஒரு ஆய்வாளர் பல வருஷமா பல சோதனைல காட்டுனது, படத்துக்கு கூட பேச்சு நல்லது, அதே பேச்ச எழுத்தாவும் போட்டு நெரிச்சா மூளை திணறும்; ஆனா இங்கிலீஷ் தடுமாறுற பசங்களுக்கும் காது கேக்காத பசங்களுக்கும் எழுத்து வேணும், அதனால சப்டைட்டில வேணும்னா போட்டுக்குற மாதிரி தனியா வைங்க. அப்புறம் தமிழ்ல பேசுங்க. டெக்ஸ்ட்புக் இங்கிலீஷ்ல இருக்கட்டும், எக்ஸாம் இங்கிலீஷ்ல எழுதட்டும், அந்த மாட்டுற இடத்த தமிழ்ல விளக்குனா என்ன தப்பு, க்ளாஸ்ல எல்லாரும் அதத்தானே செய்றோம். டேட்டாவையும் மனசுல வைங்க, 2021 ஜனவரிலேருந்து நாலு மாசம் தமிழ்நாடு அரசு காலேஜ் பசங்களுக்கு தினம் 2 ஜிபி டேட்டா கார்டு கொடுத்துச்சு, ஒன்பதரை லட்சம் பேருக்கு மேல, அப்படி கொடுக்க வேண்டிய நிலைமைல பசங்க இருந்தாங்கங்குறத டீச்சர்கள் மறக்கக்கூடாது. வீட்டுல ஒரே போன் இருக்குற பையனுக்கு ஐம்பது நிமிஷ வீடியோ ஒரு தண்டனை.

நேரம். இத பேசாம வேற எத பேசியும் பிரயோஜனம் இல்ல. யூஜிசி கணக்குப்படி அசிஸ்டெண்ட் புரொஃபசருக்கு வாரத்துக்கு 16 மணி நேரம் க்ளாஸ். பேப்பர்ல அப்படி. அது போக மென்டரிங், அட்டெண்டன்ஸ் என்ட்ரி, நாக் (காலேஜுக்கு தரம் போடுற அமைப்பு) ஃபைல், அட்மிஷன் சீசன்ல ஊர் ஊரா போறது, இன்விஜிலேஷன். மேடத்தோட முதல் அஞ்சரை நிமிஷ வீடியோவுக்கு மூணு மணி நேரம் ஆச்சு, பத்தாவதுக்கு நாப்பது நிமிஷம். அந்த மூணுலேருந்து நாப்பதுக்கு இறங்குற காலத்த யார் தர்றது? வாரத்துக்கு ஒரு பீரியட் டைம்டேபிள்லேயே எடுத்துக் கொடுத்தா அவங்க வருவாங்க, கொடுக்கலன்னா வர மாட்டாங்க, இது ஆர்வம் சம்பந்தப்பட்ட விஷயமே இல்ல. ப்ரொமோஷனுக்கு எத்தனை எஃப்டிபி சர்டிபிகேட்னு எண்ணுற வரைக்கும் சர்டிபிகேட்தான் சேரும், க்ளாஸ்ல என்ன மாறுச்சுன்னு எண்ண ஆரம்பிச்சாதான் க்ளாஸ் மாறும்.

உதவுற ஆள் பத்தியும் சொல்லணும். அமெரிக்காவுல மிச்சிகன் யுனிவர்சிட்டில 1962லேயே இதுக்குன்னு ஒரு சென்டர் ஆரம்பிச்சுட்டாங்க, அந்த நாட்டுல முதல் சென்டர் அது. அங்க செமஸ்டர் நடுவுல, டீச்சர் கேட்டா மட்டும், சென்டர் ஆள் ஒருத்தர் க்ளாஸுக்கு வருவாரு, டீச்சர் வெளிய போயிடுவாரு, பசங்ககிட்ட என்ன உதவுது, எத மாத்தலாம்னு கேட்டு, தொகுத்து, டீச்சர்கிட்ட மட்டும் சொல்லுவாரு. ஹெச்ஓடிக்கு, அதாவது துறைத் தலைவருக்கு, போகாது. நாங்களும் அஞ்சாவது வாரத்துல இருவது நிமிஷம் இப்படி செய்றோம், முதல் வருஷம் யாருமே கூப்பிடல, ஏன்னா நம்ம ஊர்ல க்ளாஸுக்கு வெளியாள் வந்து உக்காந்தாலே அது இன்ஸ்பெக்‌ஷன். நான் எழுதுறது எதுவும் ஹெச்ஓடி டேபிளுக்கு போகலைன்னு ஒரு வருஷம் பாத்த பிறகுதான் கூப்பிட ஆரம்பிச்சாங்க. உதவுற ஆளே ரிப்போர்ட் எழுதுற ஆளாவும் இருந்தா அவர் வர்ற அன்னைக்கு மட்டும் ஸ்மார்ட் போர்டு ஓடும்.

ஏஐ பத்தி ரெண்டு வரி. 2022 நவம்பர் கடைசில சாட்ஜிபிடி வந்ததுலேருந்து அசைன்மென்ட் எல்லாம் ஒரே மாதிரி வருதுன்னு எல்லா டிபார்ட்மென்ட்லயும் புலம்பல். கண்டுபிடிக்கிற சாஃப்ட்வேர நம்பி பசங்கள குத்தம் சொல்லாதீங்க, அது தப்பா சொல்லும், தப்பு பண்ணாத பையன் மனசு உடைஞ்சு போவான். பதிலா ஆளுக்கு ரெண்டு நிமிஷம், நீ எழுதுனதுல இந்த வரிய விளக்குன்னு கேளுங்க, அறுபது பேர்னா ரெண்டு மணி நேரம், லேப் அவர்ல பிரிச்சு பிரிச்சு முடிச்சிடலாம்.

என்ன ரொம்ப உறுத்துற விஷயம் கௌரவ விரிவுரையாளர்கள். அரசு கலைக் கல்லூரிகள்ல நிறைய க்ளாஸ் அவங்க கையிலதான் இருக்கு. முதல் தலைமுறையா காலேஜுக்கு வர்ற பசங்க முன்னாடி தினம் நிக்கிறது அவங்கதான். ஆனா ட்ரெய்னிங்குக்கு அனுப்புற லிஸ்ட்ல அவங்க பேர் கடைசில வரும், வராமலும் போகும், லீவு போட்டு சொந்தக் காசுல போறவங்கள எனக்குத் தெரியும். இந்த வேலைய யார்கிட்டேருந்து ஆரம்பிக்கணும்னு என்ன கேட்டா அவங்ககிட்டேருந்துதான்னு சொல்லுவேன்.

இன்னொரு ஆள பத்தி சொல்லணும். வேற ஒரு காலேஜ்ல தமிழ்த்துறை ஐயா, ரிட்டயர்மென்ட்டுக்கு ரெண்டு வருஷம் இருந்துச்சு. அவர் க்ளாஸ்ல பார்வை இல்லாத ஒரு மாணவர் சேந்தாரு, போன்ல ஸ்க்ரீன் ரீடர் வச்சு எல்லாத்தையும் படிச்சுக் கேட்டுக்குவாரு, ஐயாவோட நோட்ஸ் மட்டும் அவருக்கு ஓடல. ஐயாவுக்கு காரணம் தெரியல, என்ன கூப்பிட்டாரு. திறந்து பாத்தா எல்லாம் பாமினி ஃபான்ட்ல அடிச்சது. அந்த ஃபான்ட் இருக்குற கம்ப்யூட்டர்லதான் அது தமிழாத் தெரியும், இல்லாத இடத்துல வெறும் இங்கிலீஷ் எழுத்தும் கமாவுமா இருக்கும், ஸ்க்ரீன் ரீடருக்கும் அது அப்படித்தான் கேக்கும். எந்தக் கம்ப்யூட்டர்லயும் தமிழ் ஒரே மாதிரி தெரியணும்னு 2010லேயே தமிழ்நாடு அரசு யூனிகோடு, டேஸ்16ங்குற எழுத்துக் குறியீட்டு முறைகள ஏத்துக்கிச்சு, ஆனா ஐயாகிட்ட யாரும் வந்து உங்க ஃபைல மாத்தணும்னு சொல்லல. இருவது வருஷ சங்க இலக்கிய நோட்ஸ், ஒரு பென் டிரைவ்ல. மாத்தித் தர்ற கன்வெர்ட்டர் இலவசமாவே கிடைக்குது, ரெண்டு சாயங்காலம் உக்காந்து எல்லா ஃபைலையும் மாத்தி, ஒற்று விட்டுப் போன இடங்கள ஐயா சொல்லச் சொல்ல திருத்துனோம்.

முடிஞ்சதும், தேடுற வசதிய காட்டுனேன். 'எந்த வார்த்தை வேணும்னாலும் அடிங்க ஐயா.' கொஞ்ச நேரம் யோசிச்சு ஒத்த விரலால 'கண்டல்'னு, கடலோரத்துல வளர்ற மரத்தோட பேர, அடிச்சாரு. அவர் நோட்ஸ்ல எங்கெங்கயோ இருந்த நெய்தல் பாட்டெல்லாம் வரிசையா வந்து நின்னுச்சு. ஒன்னொன்னா தொட்டு தொட்டு படிச்சாரு, இது எப்ப எழுதுனேன், இத மறந்தே போயிட்டேனேன்னு. அப்புறம் என்ன பாத்து கேட்டாரு, 'தம்பி, நம்ம பசங்கள்ல நாலஞ்சு பேரு கடலோர ஊர்க்காரங்க, அவங்க வீட்ல இந்த மரத்துக்கெல்லாம் வேற பேரு சொல்றாங்க, அத அவங்களே இதுல சேக்குற மாதிரி பண்ண முடியுமா?'

எல்லாரும் சேந்து எழுதுற மாதிரி ஒரு டாக்குமெண்ட திறந்து கொடுத்தேன். முதல் வரிய அந்தப் பார்வை இல்லாத மாணவர்தான் அடிச்சாரு.